போகிக்கு முன்னால் ஒரு மராமத்து

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் வருஷத்துக்கு இரண்டு பெரிய துப்புரவு நாட்கள். ஒன்று, ஆயுத பூஜை. அன்றைக்கு மெஷினுக்கெல்லாம் குளியல். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தால் முடிந்தது. இன்னொன்று போகி. அன்றைக்கு வீட்டுக்குக் குளியல்.

முதலாவதை கம்பெனி பார்த்துக்கொள்ளும். இரண்டாவதை யார் பார்ப்பது? வீட்டுக்காரரா, குடியிருக்கிறவரா, வேலைக்கு வைத்திருப்பவரா? சாதாரணமாகத் தெரிகிற இந்தக் கேள்விக்கு அந்த வட்டாரத்தில் சுமார் 1,100 வருஷக் கதை இருக்கிறது. கடைசி அத்தியாயம் நடுரோட்டில் நடந்தது.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். புது வருஷத்துக்குள் வீட்டைச் சரிபண்ண வேண்டும் என்கிறோமே, எந்தப் புது வருஷம்? சித்திரையா, தையா? 2008-ல் கருணாநிதி அரசு, தை முதல் நாள்தான் தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் போட்டது. 2011-ல் ஜெயலலிதா அரசு அதை ரத்து செய்து சித்திரைக்கே திரும்பியது. சட்டசபையில் வருஷம் இப்படி முன்னும் பின்னும் போய்வந்தாலும் ஒட்டடைக் குச்சி அசைந்து கொடுக்கவில்லை. அதற்கு எப்போதும் கெடு மார்கழி கடைசி நாள்தான்.

ஏன் மார்கழி? கொஞ்சம் யோசித்தால் புரியும். வடகிழக்கு மழை அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரை அடிக்கும். அது ஓயும்போது சுவரெல்லாம் ஓதம், மூலையெல்லாம் பாசி, கூரையில் எங்கெங்கே ஒழுகும் என்பது அத்துப்படி. மழை நடுவில் சுண்ணாம்பு அடித்தால் காயாது. மழை விட்டதும் அடித்தால் நிற்கும். அதோடு, தையில் சம்பா நெல் வீட்டுக்கு வந்துவிடும். வருகிற நெல்லுக்குக் குதிர் காய்ந்திருக்க வேண்டும், எலி வளையை அடைத்திருக்க வேண்டும், களம் மெழுகியிருக்க வேண்டும். ஆக, பொங்கலுக்கு முந்தைய வெள்ளையடிப்பு அழகுக்காக மட்டும் வந்ததல்ல. ஒரு வருஷச் சாப்பாட்டைப் பத்திரப்படுத்துகிற ஏற்பாடும் அதில் இருந்தது.

அந்த வெள்ளையும் லேசுப்பட்ட பொருள் இல்லை. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் சுட்டால் கரியமில வாயு போய்விடும். மிஞ்சுகிற கட்டியைத் தண்ணீரில் போட்டால் கொதிக்கும். அதைக் கரைத்து வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் கஞ்சியோ கோந்தோ சேர்த்து, பளிச்சென்று தெரியத் துளி நீலம் விட்டுச் சுவரில் அடிப்பார்கள். காயக் காயக் காற்றில் இருக்கும் கரியமில வாயுவை அது திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகும். பச்சைச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணமும் கிருமியும் தாக்குப்பிடிக்காது. அதாவது, ஒரே அடியில் பெயின்ட், ப்ளாஸ்டர், டெட்டால் மூன்றும்.

ஒரே ஒரு குறை. மழையில் கரையும், கைபட்டால் உதிரும். அதனால் வருஷா வருஷம் அடித்தாக வேண்டும். இதைக் குறை என்று சொல்வதா, நன்மை என்று சொல்வதா? வருஷா வருஷம் அடித்தாக வேண்டும் என்பதால்தான் வருஷா வருஷம் பரணில் இருந்து பாத்திரம் இறங்கியது, பீரோ நகர்ந்தது, அதன் பின்னால் இருந்த கரையான் கண்ணில் பட்டது.

இந்த வேலைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் மராமத்து. அரபியில் பிறந்து, பாரசீகம் வழியாக வந்த சொல். பொதுப்பணித் துறையைப் பழைய ஆட்கள் மராமத்து இலாகா என்பார்கள். சொல் இறக்குமதி. வேலை, அக்மார்க் உள்ளூர்.

எவ்வளவு உள்ளூர் என்று பார்க்க உத்திரமேரூருக்குப் போக வேண்டும். ஒரகடம் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டம்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் அங்கே வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் உலகப் பிரசித்தம். குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எதற்குத் தேர்தல் என்பதை மறந்திருப்பீர்கள். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று கமிட்டிகளுக்கு ஆள் எடுக்கத்தான் அந்தக் குடமும் ஓலையும். ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனிக் கமிட்டி! பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களுக்கும் அதே கதிதான். பராமரிப்புக்கும் தணிக்கைக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், பாருங்கள்.

ஆனால், அந்தத் தகுதிப் பட்டியலில் அதிகம் பேசப்படாத இன்னொரு வரியும் உண்டு. வாரியத்துக்கு வருகிறவருக்கு வரி கட்டுகிற நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணச் சபை, பெண்களுக்கு இடமில்லை. சுருக்கமாகச் சொன்னால், எதைச் செப்பனிடுவது என்று தீர்மானிக்கும் உரிமை சொந்த வீட்டுக்காரருக்கு மட்டும். அடுத்தவர் மனையில் இருப்பவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஏரியில் இறங்கி மண் சுமந்தது யார்? ஊர் ஜனம். குடிகள் செய்யும் மராமத்து, குடிமராமத்து. வரத்துக் கால்வாயைத் தூர்வாருவது, கரையைப் பலப்படுத்துவது, மதகைப் பார்ப்பது. வெள்ளைக்காரன் வந்தபிறகு நிலைமை மாறியது. வழக்கமாக நடந்துவந்த வேலை நடக்காமல் போக, 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டுவந்தார்கள். சட்டத்தின் மிரட்டலால் கரை உயர்ந்துவிடவில்லை. வெகுகாலம் கழித்து 2017 மார்ச்சில், அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி தொடங்கினார். இடம், ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மணிமங்கலம். இரண்டாம் புலிகேசியோடு பல்லவ நரசிம்மவர்மன் மோதிய அதே மணிமங்கலம்.

சரி, ஏரி இருந்த ஊரில் ஃபேக்டரி வந்த கதைக்கு வருவோம்.

1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்தது. 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா திறந்தது, 2014 நவம்பரில் மூடியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிஸான். நடுவில் கண்ணாடி, டயர், உதிரிபாகம், செல்போன் என்று வரிசை. நெல் வயல் சிப்காட் ஆனது. நிலம் கொடுத்தவர்களில் பலர், மிஞ்சிய மனையில் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, தென் மாவட்டங்கள், பிறகு ஒடிசா, பீகார் என்று ஆட்கள் வந்து நிறைந்தார்கள்.

இங்கேதான் போகிக்குச் சிக்கல். வீட்டுக்காரர் பக்கத்து ஊரில் புது வீட்டில் இருப்பார். குடியிருக்கும் பையன் பொங்கலுக்குத் தன் ஊருக்கு பஸ் ஏறிவிடுவான். அங்கே அம்மா வெள்ளையடித்து வைத்திருப்பாள். இங்கே ரூமில் பூட்டு தொங்கும். சுவரில் எமல்ஷன், அஞ்சு வருஷம் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கிறதே! அஞ்சு வருஷமும் பீரோ நகராது.

ஃபேக்டரிக்குள் இப்படி நடக்குமா? நடக்காது. கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. மெஷின் தேயும், அதற்கு வருஷா வருஷம் தொகை ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு கார்டு தொங்கும். கடைசியாக எப்போது எண்ணெய் போட்டது, அடுத்து எப்போது, யார் கையெழுத்து. அதே மெஷினை ஓட்டுகிற ஆள் தூங்குகிற அறையின் சுவரில் அப்படி ஒரு கார்டைத் தேடிப் பாருங்கள்.

2021 டிசம்பர் மாதம் அந்தக் கார்டு இல்லாததன் விலை தெரிந்தது. ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் அப்போது சுமார் 17,000 பேர் வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். ஒரு ஹாஸ்டலில் சாப்பிட்டவர்களுக்கு வாந்தி, பேதி. 150-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில். உள்ளே போனவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்ப, டிசம்பர் 17 இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். இறந்ததாகச் சொன்னது பொய். மற்றதெல்லாம் நிஜம். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது சமையலறையில் எலி. சாக்கடை வசதியும் சரியில்லை. சமையலறை மூடப்பட்டது. தண்ணீர் வராத கழிப்பறைகள், தரையில் நெருக்கியடித்துப் படுக்கும் அறைகள் என்று அந்தப் பெண்கள் சொன்னது ராய்ட்டர்ஸ் வழியாக உலகம் முழுக்கப் போனது.

ஆலை மூடியது. மாதக் கடைசியில் ஆப்பிள் வாயைத் திறந்தது. சில ஹாஸ்டல்களும் சாப்பாட்டு அறைகளும் எங்கள் தரத்தில் இல்லை என்று ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஃபாக்ஸ்கானும் வசதிகளை மேம்படுத்துவதாக உறுதி சொன்னது. ஆலை மறுபடி கொஞ்சம் பேரோடு திறந்த தேதி என்ன தெரியுமா? 2022 ஜனவரி 12. மறுநாள் போகி!

யாரும் பஞ்சாங்கம் பார்த்துச் செய்யவில்லை. ஆனால், பாட்டிமார்கள் மார்கழி முழுக்கச் செய்கிற அதே பட்டியல்தான். எலி வளை, சாக்கடை, தண்ணீர், அடுப்படி. வருஷா வருஷம் செய்திருந்தால் ரோட்டுக்கு வந்திருக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2017-ல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன் அட்டவணையில் வேலையைப் பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு, தாழ்ப்பாள் எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. வெள்ளையடிக்கக் காசு யார் தருவது என்று தெருவில் சண்டை போட வேண்டியதில்லை, எழுதியே இருக்கிறது. ஆனால், கம்பெனி தன் ஊழியருக்கு வேலை ஒப்பந்தத்தின் பேரில் தன் இடத்தைக் கொடுத்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. பெண்கள் ஹாஸ்டலுக்கு 2014-ல் தனிச் சட்டம் இருக்கிறது, கலெக்டரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். அந்தச் சட்டம் இருந்தபோதுதான் 2021 நடந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அதற்குப்பிறகு ஒரு பெரிய வேலை நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் ஒரு குடியிருப்பு கட்டியது. 18,720 பெண்கள் தங்கலாம். 2024 ஆகஸ்ட் 17-ல் அன்றைய முதல்வர் ஸ்டாலின் திறந்து வைத்தார். ஒரு சின்ன டவுனே குடியேறுகிற அளவு. புதுக் கட்டடம், பளபளவென்று இருக்கிறது.

எந்தக் கட்டடமும் முதல் வருஷம் பளபளவென்றுதான் இருக்கும். அஞ்சாவது மழை முடிந்தபிறகு மொட்டைமாடியில் தண்ணீர் தேங்குகிறதா, தொட்டி கழுவினார்களா, எத்தனை குழாய் சொட்டுகிறது என்று யார் பார்ப்பார்கள்? உத்திரமேரூர்க்காரர்கள் அதற்கு ஒரு வாரியம் போட்டார்கள். 360 நாளில் கணக்குக் கேட்டார்கள். அந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சொந்த மனை வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை மட்டும் அடித்துவிட்டு, அங்கே தூங்குகிற பெண்களிலேயே சிலரை அந்த வாரியத்தில் உட்கார வைக்கலாம். எந்தக் குழாய் சொட்டுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.