இரைச்சலுக்குள் ஒரு நீவாடு

சின்னசேலத்துக்காரன் கடலைப் பற்றி எழுதினால் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். எங்கள் பக்கம் கல்வராயன் மலை உண்டு, கடல் கிடையாது. ஆனால் 1993 வரை நாங்கள் தென்னார்க்காடு மாவட்டம், தலைநகர் கடலூர். இன்றும் வடகிழக்குப் பருவமழையும் புயலும் அந்தக் கடலிலிருந்துதான் வருகின்றன. கோமுகி ஆற்றின் தண்ணீரும் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டை அருகே அங்கேதான் போய்ச் சேர்கிறது. அதனால் கடலூர்க் கரையில் நிற்கும் ரேடாரின் கதை எனக்கு அயலூர்க் கதை இல்லை.

அந்தக் கதை தொடங்குவது நியூசிலாந்தில். ரேடார் இரண்டாம் உலகப் போரில் வளர்ந்த கருவி. கப்பலையும் விமானத்தையும் கண்டுபிடிப்பது அதன் வேலை. கடலில் பட்டுத் திரும்பும் எதிரொலி அதற்கு வெறும் தொந்தரவு. மென்பொருள் எழுதும் நாங்களும் இப்படித்தான்: வேண்டாத பதிவுகளை முதல் வேலையாக ஃபில்டர் போட்டுத் தள்ளிவிடுவோம்.

டக்ளஸ் கிராம்பி தள்ளவில்லை. 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை கடலில் பட்டுத் திரும்பியபோது என்ன ஆனது என்பதை 1955-இல் நேச்சர் இதழில் இரண்டே பக்கத்தில் எழுதினார். திரும்பிய அலையின் அதிர்வெண் சுமார் 0.38 ஹெர்ட்ஸ் நகர்ந்திருந்தது. கடலில் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ அலைகள் புரள்கின்றன. அப்படியானால் நகர்வும் கண்டபடி சிதறியிருக்க வேண்டாமா? ஏன் ஒரே எண்ணில் வந்து நிற்கிறது?

தேர் வடத்தை ஆளாளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. எல்லோரும் சேர்ந்து இழுத்தால்தான் நகரும். எதிரொலியும் அப்படியே. கிராம்பியின் ரேடியோ அலையின் நீளம் சுமார் 22 மீட்டர். அதில் பாதி, அதாவது 11 மீட்டர் இடைவெளியில் வரும் கடலலைகளின் எதிரொலிகள் மட்டும் ஒன்றோடொன்று இசைந்து வலுக்கின்றன. மற்றவை பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 1912-இல் லாரன்ஸ் பிராக் படிகங்களில் சிதறும் எக்ஸ் கதிருக்குச் சொன்ன அதே கணக்கு, இங்கே கடலுக்கு.

ஆழ்கடலில் 11 மீட்டர் அலை விநாடிக்குச் சுமார் 4.2 மீட்டர் வேகத்தில் ஓடும். அந்த வேகத்துக்குரிய நகர்வுதான் 0.38. அளந்த எண் இதிலிருந்து சற்று விலகினால், அலையைச் சுமக்கும் தண்ணீரே நகர்கிறது என்று பொருள். ஓடும் ரயிலுக்குள் நடப்பவரின் நடைவேகம் தெரிந்தால், வெளியே நின்று பார்ப்பவர் ரயிலின் வேகத்தைக் கணக்கிடுவதுபோல. சோழமண்டலக் கரை மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் இப்படித்தான் ரேடாரில் அகப்பட்டது. டொனால்ட் பாரிக் 1972-இல் இதற்கான கோட்பாட்டை வளர்த்தார். 1977-இல் அவர் குழு ரேடாரால் வரைந்த நீரோட்ட வரைபடத்தை சயன்ஸ் இதழில் வெளியிட்டது.

2004 சுனாமிக்குப் பின் இந்தியா தன் கடல் கண்காணிப்பை விரிவாக்கியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் குஜராத், தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா, அந்தமான் கரைகளில் இந்த வகை ரேடார்களை நிறுவியது. தமிழ்நாட்டில் கடலூரும் கல்பாக்கமும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் இந்த ரேடியோ அலை கடல் பரப்பை ஒட்டியே தொடுவானம் தாண்டி, சுமார் 200 கிலோமீட்டர்வரை போகும். ஒரு மிதவை தான் மிதக்கும் இடத்தை மட்டுமே அளக்கும். ரேடார் ஒரு பெரும் பரப்பையே பார்க்கிறது. 2013-இல் பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தபோது இந்த ரேடார்கள் அளந்த நீரோட்டத்தையும் அலைகளையும் பற்றிய ஆய்வு 2015-இல் கரண்ட் சயன்ஸ் இதழில் வந்தது.

ஏன் ஜோடி ஜோடியாக? ஒரு ரேடாருக்குத் தண்ணீர் தன்னை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பது மட்டுமே தெரியும். குறுக்கே போவது தெரியாது. இன்னொரு கோணத்திலிருந்து பார்க்கும் இரண்டாவது ரேடார் சேர்ந்தால்தான் முழுத் திசையும் கிடைக்கும். காணாமல்போன படகைத் தேட, சிந்திய எண்ணெய் எங்கே ஒதுங்கும் என்று கணிக்க, அந்தத் திசைதான் வேண்டும்.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூர்ப் பக்கம்தான் கரையேறியது. பண்ருட்டியின் பலா மரங்களை வேரோடு சாய்த்தது. கடலை மிக அதிகமாகக் கேட்க வேண்டிய நாளும், கரையில் நிற்கும் ஆன்டெனாவுக்கும் மின்கம்பத்துக்கும் ஆபத்தான நாளும் ஒன்றேதான். புதிய கருவி வாங்கினால் செய்தியாகும். பழைய கருவியின் கேபிள் மாற்றினால் யாரும் எழுத மாட்டார்கள். ஆனால் கடலூர் ரேடார் நின்றுபோனால், கல்பாக்கம் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். வரைபடத்தில் மட்டும் ஓர் அம்புக்குறிகூட விழாது.