இசைத்தட்டின் பெயர்ச்சீட்டும் கேட்போர் வழக்கும்

கிராமபோன் இந்தியாவிற்கு வந்தபோது, அதனுடன் வந்த வட்டத்தட்டிற்கு இந்திய மொழிகள் பலவும் வீட்டுப் புழங்குபொருள்களிலிருந்தே பெயர் தேடிக்கொண்டன. இந்தியிலும் உருதுவிலும் பஞ்சாபியிலும் அது 'தவா', அதாவது ரொட்டி சுடும் கல். மராத்தியில் 'தபக்டி', சிறு தட்டு. தமிழர் பேச்சில் 'பிளேட்' என்றும் எழுத்தில் 'இசைத்தட்டு' என்றும் வழங்கினர். வங்காள மொழியோ தட்டை விட்டுவிட்டுக் கருவியையே 'கலேர் கான்', எந்திரத்தின் பாட்டு, என்று அழைத்தது. பொருளுக்குப் பெயரிடுவது இவ்வாறு எளிதில் முடிந்தது. அப்பொருளுள் அடங்கிய இசையை எப்பெயரால் சுட்டுவது என்பதில்தான் சிக்கல் எழுந்தது. அச்சிக்கலின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கச்சேரியில் கேட்ட இசையைச் சுட்டுவதற்கு ஊரும் நாளும் பாடியவர் பெயரும் போதுமானவை. கேட்டவர்கள் உடனிருந்தவர்கள். இசைத்தட்டைக் கேட்பவரின் நிலை வேறு. ஒரே பாட்டை ஒருவர் லாகூரிலும் மற்றொருவர் தஞ்சையிலும் ஒருவரையொருவர் அறியாமலே கேட்கின்றனர். தாம் கேட்பது இன்னது என்று ஒருவர் மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டுமானால் இருவர்க்கும் பொதுவான ஒரு பெயர் தேவை. அப்பெயரைப் பெரும்பாலும் தந்தது தட்டின் நடுவில் ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டு. அதை எழுதியவர்கள் இசைவாணர்கள் அல்லர்; வணிக நிறுவனத்தின் எழுத்தர்கள்.

இந்தியர் குரல்கள் 1899இலேயே இலண்டனில் பதிவாகியிருந்தன. எனினும் இந்திய மண்ணில் கிராமபோன் கம்பெனியின் முதல் பதிவுப்பணி 1902 நவம்பரில் கல்கத்தாவில் பிரெட் கெய்ஸ்பர்க் என்பவரால் தொடங்கப்பட்டது. அம்மாதம் கௌஹர் ஜான் பாடினார். பாட்டின் முடிவில் அவர் உரத்த குரலில், ஆங்கிலத்தில், 'மை நேம் இஸ் கௌஹர் ஜான்' என்று அறிவிப்பதைத் தட்டில் இன்றும் கேட்கலாம். பதிவான மெழுகுத் தட்டுகள் செருமனியிலுள்ள ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டு அங்கேதான் தட்டுகளாக அச்சிடப்பட்டன. ஆகவே அங்குள்ள பணியாளர் இன்னார் பதிவு என்று அடையாளங்காண இவ்வறிவிப்பு உதவிற்று என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை ஏற்பட்டபின் அத்தேவை குறைந்தது. ஆயினும் அறிவிக்கும் வழக்கம் உடனே மறைந்துவிடவில்லை. அலகாபாத் ஜானகி பாய் தம் ஊர்ப்பெயரையும் சேர்த்தே அறிவித்தார். தொழிற்சாலைக்கு உரிய குறிப்பாகப் பிறந்தது கேட்போர் எதிர்பார்த்துக் காத்திருக்கும் முத்திரையாகிவிட்டது எனலாம்.

மொழியியலார்க்கு இவ்வறிவிப்புகள் தனிப் பயனுடையவை. பாட்டில் உயிரொலிகள் நீண்டும் அசைந்தும் வரும். அறிவிப்பிலோ பாடகரின் பேச்சுக்குரல் ஓரிரு நொடி வெளிப்படுகிறது. கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்காய்விற்காக 1913 முதல் 1929 வரை எடுக்கப்பட்ட கிராமபோன் பதிவுகளில், கெட்ட குமாரன் உவமையைப் பல மொழியினர் தத்தம் மொழியில் கூறக் கேட்கிறோம். அவை ஆய்வுக்கென்று திட்டமிட்டுத் தொகுத்தவை. கௌஹர் ஜானின் அறிவிப்பு யாரும் திட்டமிடாமல் கிடைத்த சான்று. பழைய தட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் பதிவானவை அல்ல என்பதால், எவ்வேகத்தில் சுழற்றினால் உண்மைச் சுருதி கிடைக்கும் என்பதை முடிவு செய்யவும் இயல்பான பேச்சுக்குரல் ஓரளவு துணைபுரியும். மறுபதிவு செய்வோர் இதனைப் பாட்டிற்குப் புறம்பானது என்று வெட்டிவிடுவது சான்றை அழிப்பதாகும்.

இனிப் பெயர்ச்சீட்டிற்கு வருவோம். அதில் பெரும்பாலும் ரோமன் எழுத்தே ஆட்சி செய்தது. குறில் நெடில் வேறுபாடும், நாவளை ஒலிக்கும் பல்லொலிக்கும் உள்ள வேறுபாடும் அதில் மறைந்தன. கானடா என்பது இராகத்தின் பெயரா, கன்னடம் என்னும் மொழியைக் குறித்ததா என்று தயங்கவேண்டிய நிலையும் நேரும். (தமிழெழுத்து நெடிலைக் காப்பாற்றும்; ஆனால் வல்லினத்தின் ஒலிப்புடை ஒலியையும் ஒலிப்பிலா ஒலியையும் பிரித்துக் காட்டாது. குறையில்லாத எழுத்துமுறை எதுவும் பெயர்ச்சீட்டிற்குக் கிடைத்திருக்க வழியில்லை.) 'மிஸ்', 'புரொபஸர்', 'அமெச்சூர்' போன்ற அடைகள் பாடுவோரின் சமூக நிலையைச் சுட்டின. குலத்தொழிலாகப் பாடுவோர் அல்லர் என்பதைத் தெரிவிக்கவே குடும்பத்தார் சிலர் 'அமெச்சூர்' என்பதை விரும்பினர் எனத் தோன்றுகிறது. இவ்வடைகளை மொழிபெயர்ப்பவர், அச்சொல்லின் இன்றைய ஆங்கிலப் பொருளைக் கொண்டால் தவறிவிடுவார்.

பெயர்ச்சீட்டின் சொல் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு மோரிஸ் தெலாஜின் நிகழ்ச்சி சிறந்த எடுத்துக்காட்டு. பிரெஞ்சு இசையமைப்பாளராகிய இவர், ராவெலின் நண்பர். 1912ஐ ஒட்டி இந்தியாவில் பயணம் செய்து, இங்குக் கேட்ட இசைத்தட்டுகளில் ஈடுபாடு கொண்டார். அவருள் ஆழமாகப் பதிந்தவை இம்தாத் கானின் வாத்திய இசையும் கோயம்புத்தூர் தாயியின் பாட்டும் ஆகும். தாயியின் தட்டொன்றைத் தழுவி அவர் குரலுக்கும் பியானோவிற்குமாக ஒரு படைப்பை அமைத்தார். மிருதங்கத்தின் ஒலியை நினைவூட்டப் பியானோத் தந்தியில் அட்டையைச் செருகச் செய்தார். அப்படைப்பின் பெயர் 'ராகமாலிகா'. நமக்கு இராகமாலிகை என்பது பல இராகங்களைத் தொடுத்துப் பாடும் வகையின் பெயர். வெண்பா, தாலாட்டு என்பன போல. பிரெஞ்சு அவையினர்க்கோ அது ஒரு தனிப் படைப்பின் சிறப்புப்பெயராகிவிட்டது. பொதுப்பெயர் சிறப்புப்பெயராக மாறும் இம்மாற்றத்தில் பாடலாசிரியர் பெயரும் பாடலின் மொழியும் பின்தங்கிவிடுகின்றன.

அவருடைய 'நான்கு இந்துக் கவிதைகள்' 1914 சனவரியில் பாரிசில் அரங்கேறியது. பாடல்களின் தலைப்புகள் சென்னை, லாகூர், காசி, ஜெய்ப்பூர் என்னும் ஊர்ப்பெயர்கள். 'சென்னை'யின் சொற்கள் பர்த்ருஹரியுடையவை. 'லாகூர்' பாடலின் சொற்களோ செருமானியக் கவிஞர் ஹைனேயுடையவை! பெயர்ச்சீட்டு எழுதிய கல்கத்தா எழுத்தரைக் குறைகூறுவோர் இதனையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இந்தியருக்குள்ளேயே இப்பெயர்ச் சிக்கல் குறைவன்று. இந்துஸ்தானி இசையின் பைரவியும் கருநாடக இசையின் பைரவியும் பெயரளவில்தான் ஒன்று. இந்துஸ்தானி பைரவியின் சுரங்களைக் கருநாடக மரபில் தோடியில் காண்கிறோம். இந்துஸ்தானி தோடியின் சுரங்களோ நம் சுபபந்துவராளிக்கு உரியவை. மொழிபெயர்ப்பாளர் 'போலி நண்பர்' என்று கூறும் சொல்லினத்தைச் சேர்ந்தவை இவை. 'இப்பொழுது ஒரு தோடி கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று பூனாவிலிருந்து எழுதுபவரின் கடிதத்தை, மரபைக் குறிக்காமல், கும்பகோணத்தார் சரியாகப் பொருள்கொள்ள இயலாது. இரு மரபிற்கும் இடையே நின்ற அப்துல் கரீம் கான் தியாகராசரின் 'ராம நீ ஸமானமெவரு' என்னும் கரகரப்பிரியா கீர்த்தனையை இசைத்தட்டில் பாடினார். அது தெலுங்குப் பாடல். பாடியவர் கிரானா மரபினர். கேட்டுப் போற்றியவருள் தமிழர் பலர். தட்டுகளை மொழிவாரியாகப் பகுக்கும் விற்பனைப் பட்டியல் இத்தகைய இசையை எத்தலைப்பின்கீழ் வைக்கும்?

இக்குழப்பங்களைப் பெரிதும் தீர்த்தவர்கள் பல்கலைக்கழக அறிஞர்கள் அல்லர், கேட்போரே. தட்டுகளை ஒன்றுகூடிக் கேட்பதும் பட்டியலிடுவதும் ஒருவர் பட்டியலை மற்றவர் திருத்துவதும் அவர்களிடையே தொடர்ந்து வந்த பழக்கங்கள். 1990இல் மும்பையில் தொடங்கப்பட்ட இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் இப்பழக்கத்திற்கு ஓர் அமைப்பு வடிவம் தந்தது. தனக்கென ஓர் இதழையும் நடத்தியது. மைக்கேல் கின்னியர் 1899 முதல் 1908 வரையிலான கிராமபோன் கம்பெனியின் இந்தியப் பதிவுகளை நிரல்படுத்தி 1994இல் நூலாக வெளியிட்டார். இத்தகையோர் பெயர்ச்சீட்டை மட்டும் நம்புவதில்லை. அதனை ஒட்டித் தட்டிலேயே கீறப்பட்டிருக்கும் எண்ணையும் பார்க்கின்றனர். பெயர் பிழைபட்டாலும் எண் பதிவின் வரிசையைக் காட்டிவிடும். சுவடிப் பதிப்பாசிரியர் முதற்குறிப்புகளையும் கடைக்குறிப்புகளையும் ஒப்பிடும் முறைக்கு இது நெருங்கியது. கணிப்பொறிக் கோப்பாகத் தட்டை மாற்றுவோர் ஒலியை மட்டும் எடுத்துச் சீட்டையும் எண்ணையும் விட்டுவிடும்போது, கேட்போர் பல்லாண்டுகள் சேர்த்த இவ்வறிவிற்கு ஆதாரம் இல்லாமற் போகிறது.

கேட்டதைப் பிறர்க்குப் பரிந்துரைக்கும் இப்பழக்கம் ஒருமுறை பூவுலகையே கடந்தது. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் வைக்கப்பட்ட பொன்தட்டில் கேசர்பாய் கேர்கரின் பாட்டு இடம்பெற்றது. பரிந்துரைத்தவர் ராபர்ட் பிரவுன் என்னும் இசையறிஞர். இவர் மிருதங்கம் பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்றவர் என்பது நமக்கு நெருக்கமான செய்தி. தேர்வுக்குழுவினர் அத்தட்டை எளிதில் பெறமுடியவில்லை. நெடிது தேடி, நியூயார்க்கில் இந்தியக் குடும்பத்தார் நடத்திய கடையொன்றில்தான் கண்டெடுத்தனர். வெளியிடப்பட்ட பட்டியலில் அது 'இந்தியா, ராகம், ஜாத் கஹா(ங்) ஹோ' என்று பாடகர் பெயருடன் காணப்படுகிறது. காலம் 3 நிமிடம் 30 விநாடி. பாடகர் பெயரின் முன்னுள்ள 'சுரஸ்ரீ' அவர் பெற்ற பட்டம் என்பதைப் பட்டியல் கூறவில்லை. 'ராகம்' என்றிருக்கிறதே தவிர எந்த இராகம் என்றும் இல்லை. அது பைரவி, இந்துஸ்தானி பைரவி.