ஒளி தடைபட்ட நொடிகள்: கோள் வளையங்கள் கண்டறியப்பட்ட வரலாறு

வளையம் உடைய கோள் எது என்று கேட்டால் சனி என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். வியாழன், யுரேனஸ், நெப்டியூன் ஆகிய மூன்றுக்கும் வளையங்கள் உண்டு என்பது இன்றும் பலருக்குப் புதுச்செய்தி. 1977 மார்ச் மாதம் வரை வானியலாளர்களும் சனி ஒன்றையே வளையக் கோளாக அறிந்திருந்தனர். கலிலியோ சனியைத் தொலைநோக்கியில் பார்த்தது 1610இல். இரண்டாவது வளையக் கோள் தெரியவர ஏறத்தாழ 367 ஆண்டுகள் ஆயின. தொலைநோக்கிகளின் ஆற்றல் போதாமை இதற்கு ஒரு காரணம். வளையம் என்றால் கண்ணுக்குப் புலப்பட்டாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதனினும் பெரிய காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சனியின் வளையமே எளிதில் பிடிபட்டுவிடவில்லை. கலிலியோவுக்கு அது மூன்று கோள்கள் ஒட்டி நிற்பதுபோலத் தெரிந்தது. அதை எழுத்துகள் கலைத்துப்போட்ட புதிராக எழுதி அனுப்பினார். கெப்ளர் அந்தப் புதிரை விடுவிக்க முயன்று, செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் உண்டு என்று தவறாகப் படித்துக்கொண்டார். 1612இன் இறுதியில் சனியின் பக்கத்துணைகள் இரண்டும் காணாமற்போயின. கலிலியோவால் அதற்குக் காரணம் சொல்ல முடியவில்லை. சனி சூரியனைச் சுற்ற 29½ ஆண்டுகள் எடுக்கிறது. அந்தக் காலத்தில் இரு கட்டங்களில் வளையத்தின் விளிம்பு மட்டுமே பூமியை நோக்கி இருக்கும். முதன்மை வளையங்களின் குறுக்களவு சுமார் 2,70,000 கி.மீ. ஆனால் அவற்றின் தடிமன் பல இடங்களில் பத்து மீட்டர் அளவே. விளிம்பு நம் பக்கம் திரும்பினால் சிறு தொலைநோக்கிகளில் எதுவும் மிஞ்சுவதில்லை.

இந்த மாற்றங்கள் அனைத்துக்கும் ஒரே விளக்கம் தந்தவர் ஹாலந்து நாட்டவரான கிறிஸ்தியான் ஹைகன்ஸ். கோளை எங்கும் தொடாத, மெல்லிய, தட்டையான, சாய்ந்த ஒரு வளையம் என 1659இல் வெளியிட்ட நூலில் அவர் எழுதினார். அவர் வளையத்தைத் தெளிவாகக் கண்டார் என்பதைவிட, தோற்றங்களின் வரிசையிலிருந்து வடிவத்தை ஊகித்தார் என்பதே பொருத்தம். வளைய ஆய்வில் காட்சியை முந்திக்கொண்டு தர்க்கம் சென்ற முதல் தருணம் இது.

வளையத்தில் ஓர் இடைவெளி இருப்பதை 1675இல் காசினி கண்டார். வளையம் எதனால் ஆனது என்ற கேள்விக்குத் தொலைநோக்கியால் விடை தர முடியவில்லை. ஒரே சீரான திண்ம வளையம் நிலைத்திருக்காது என்று லாப்லாஸ் காட்டியிருந்தார். 1855இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இதையே ஆடம்ஸ் பரிசுக்குரிய பொருளாக அறிவித்தது. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் எழுதிய கட்டுரை பரிசு பெற்று, 1859இல் நூலாயிற்று. திண்ம வளையம் ஒன்று நிலைக்க வேண்டுமானால் அதன் மொத்த நிறையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்று மேலான பகுதி ஒரே இடத்தில் குவிந்திருக்க வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். சனியின் வளையத்தில் அத்தகைய குவியல் எதுவும் தெரியவில்லை. ஆகவே தனித்தனியாகச் சுற்றிவரும் எண்ணற்ற சிறு துகள்களே வளையம் என்ற முடிவுக்கு வந்தார். ஒரு துகளைக்கூடப் பார்க்காமல், காகிதத்தின் மேல் எட்டிய முடிவு அது. என் மதிப்பீட்டில், கோளியல் வரலாற்றின் மிகத் துணிவான முடிவுகளில் அதுவும் ஒன்று. 1895இல் ஜேம்ஸ் கீலர் அலகேனி வானாய்வகத்தில் வளையத்தின் நிறமாலையைப் பதிவுசெய்தார். வளையத்தின் உட்பகுதி வெளிப்பகுதியைவிட வேகமாகச் சுழல்வது அதில் தெரிந்தது. திண்மப் பொருளாக இருந்தால் வெளிவிளிம்பே விரைந்து சென்றிருக்கும்.

இதற்கிடையே மற்றக் கோள்களிலும் வளையத்தைத் தேடாமல் இல்லை. யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் 1787 வாக்கில் அதைச் சுற்றி வளையம் இருக்கலாமோ என்று ஐயுற்றுப் பின்னர் கைவிட்டார். 1846இல் நெப்டியூன் கண்டறியப்பட்ட சில வாரங்களிலேயே வில்லியம் லாசெல் அங்கு ஒரு வளையத்தைப் பார்த்ததாக அறிவித்தார். அது அவருடைய தொலைநோக்கி ஆடியின் குறையால் தோன்றிய வடிவம் என்றே இன்று கருதப்படுகிறது. சனியைப் பார்த்துப் பழகிய கண்கள் சனியைப் போன்ற ஒன்றையே எதிர்பார்த்தன.

வளையத்தைத் தேடாதவர்களுக்கே அடுத்த வளையம் அகப்பட்டது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு மங்கலான விண்மீனை மறைத்துச் செல்லும் என்று கணக்கிடப்பட்டிருந்தது. விண்மீனின் ஒளி மங்கும் விதத்தையும் மறைப்பு நீடிக்கும் நேரத்தையும் கொண்டு யுரேனஸின் வளிமண்டலத்தையும் விட்டத்தையும் அறிவதே நோக்கம். ஜேம்ஸ் எலியட், எட்வர்டு டன்ஹாம், டக்ளஸ் மிங்க் ஆகியோர் கைப்பர் பறக்கும் ஆய்வகத்தில் 91 செ.மீ. தொலைநோக்கியுடன் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே பறந்தனர். மறைப்பு நேரக் கணிப்பு துல்லியமில்லாததால் முன்கூட்டியே பதிவைத் தொடங்கினர். வரலாற்றை மாற்றியது அந்த எச்சரிக்கைதான். யுரேனஸ் விண்மீனை நெருங்கும் முன்பே ஒளி சட்டெனக் குறைந்து மீண்டது. பின்னர் மேலும் நான்கு முறை அவ்வாறே நிகழ்ந்தது. கோள் கடந்துபோன பின்னும் ஐந்து சரிவுகள் பதிவாயின.

அதே இரவில் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஜவ்வாது மலையின் காவலூரிலும் ஒளிமானி ஓடிக்கொண்டிருந்தது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அங்குள்ள 102 செ.மீ. தொலைநோக்கியில் விண்மீனின் ஒளி தடைபட்டதைப் பதிவுசெய்தனர். அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று விளக்கி ‘நேச்சர்’ இதழில் எழுதினர். இதைத் தவறு என்று எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. விமானத்தில் இருந்தவர்களுக்கும் முதலில் தோன்றியது சிறு துணைக்கோள்கள் என்ற எண்ணமே. கோளுக்கு இருபுறமும் சரிவுகள் ஒரே தொலைவுகளில் அமைந்திருந்ததைப் பொருத்திப் பார்த்த பிறகுதான் எலியட் குழு வளையம் என்ற முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு பட்டாச்சார்யாவும் வேணு பாப்புவும் காவலூர்ப் பதிவை மீண்டும் ஆராய்ந்து, யுரேனஸின் வளைய அமைப்பைப் பற்றி அவ்விதழிலேயே எழுதினர். இந்தக் கண்டுபிடிப்பின் வரலாறு எழுதப்படும்போது காவலூரின் பெயர் பல இடங்களில் விடுபட்டுப்போகிறது. அந்தப் பெயர் அங்கே இருந்தாக வேண்டும்.

அதுவரை யாருக்கும் தெரியாதபடி அவ்வளையங்கள் மறைந்திருந்தது ஏன்? அவை கரியைப் போல் கறுத்தவை. தம்மேல் விழும் ஒளியில் சில விழுக்காட்டையே திருப்பி அனுப்புகின்றன. பெரும்பாலானவற்றின் அகலம் பத்துக் கிலோமீட்டர் அளவே. பூமியிலிருந்து சுமார் 280 கோடி கி.மீ. தொலைவில் அத்தகைய கரிய இழைகள் அன்றைய எந்தத் தொலைநோக்கிக்கும் எட்டாதவை. ஒளியைத் தடுக்கும்போது மட்டுமே அவை தம் இருப்பைக் காட்டின. முதலில் ஐந்தாக இருந்த எண்ணிக்கை மறு ஆய்வில் ஒன்பதாயிற்று. 1986இல் வாயேஜர்-2 விண்கலம், பின்னர் ஹபிள் தொலைநோக்கி ஆகியவற்றின் படங்களும் சேர்ந்து 13 ஆக உயர்ந்தது.

வியாழனின் வளையத்தை 1979 மார்ச்சில் வாயேஜர்-1 படம்பிடித்தது. அது சிறு நிலவுகளிலிருந்து தெறித்த தூசி. நெப்டியூன் மேலும் குழப்பியது. 1984இல் சிலியில் நடந்த மறைப்பு நோக்கலில் கோளின் ஒரு பக்கம் ஒளி குறைந்தது, மறுபக்கம் குறையவில்லை. யுரேனஸ் கற்பித்த சமச்சீர் விதி இங்கே பொருந்தவில்லை. முழு வட்டமாக இல்லாத வில் துண்டுகள் என்று ஆய்வாளர்கள் கருதினர். 1989 ஆகஸ்டில் வாயேஜர்-2 நெருங்கிச் சென்றபோது வட்டம் முழுமையாகவே இருந்தது. ஆனால் சில இடங்களில் மட்டும் பொருள் அடர்ந்து குவிந்திருந்தது. அப்பகுதிகளுக்குச் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயர்கள் இடப்பட்டன.

விண்மீன் மறைப்பு முறை அதோடு ஓயவில்லை. சனிக்கும் யுரேனஸுக்கும் இடையே சுற்றும், சுமார் 250 கி.மீ. அகலமுள்ள காரிக்லோ என்ற சிறு பொருளுக்கு இரண்டு வளையங்கள் இருப்பதை 2013இல் நிகழ்ந்த மறைப்பு காட்டியது. 2017இல் குறுங்கோளான ஹௌமியாவுக்கும் வளையம் தெரியவந்தது. குவாவார் என்ற தொலைதூரச் சிறு பொருளின் வளையம் பற்றி 2023இல் வெளியான செய்தி கோட்பாட்டையே அசைத்தது. ஒரு பொருளுக்கு மிக அருகில் வரும் நிலவு ஈர்ப்பின் இழுவையால் சிதறும் எல்லையை 1848இல் எதுவார் ரோஷ் கணக்கிட்டிருந்தார். அந்த எல்லைக்கு வெளியே உள்ள துகள்கள் விரைவிலேயே ஒன்றுகூடி நிலவாகிவிடும் என்பதே பொதுவான கருத்து. குவாவாரின் வளையமோ அதன் மையத்திலிருந்து சுமார் 4,100 கி.மீ. தொலைவில், ரோஷ் எல்லையைப் போல் இரண்டு மடங்குக்கும் அப்பால் இருக்கிறது. கடுங்குளிரில் பனித்துகள்கள் மோதும்போது ஒட்டாமல் துள்ளி விலகுவது இதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் முன்வைத்துள்ளனர்.