படைத்தலைமை: அமைதியிலும் போரிலும்

பயிற்சி, சம்பளம், தளவாடம், ஒழுங்கு ஆகியவை அமைதிக்காலப் படைத்தலைவரின் வேலை. அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு உடனே முடிவெடுப்பது போர்க்களத் தளபதியின் வேலை. ஒன்றில் தேர்ந்தவர் மற்றதில் தடுமாறலாம். வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலி இதற்குத் தெளிவான சான்று. 1745இல் ஃபோன்டனாய்ப் போரில் பெயர் பெற்றவர். துணிச்சலில் குறை சொல்ல முடியாது. ஆனால் புதுச்சேரிக் கருவூலம் வறண்டிருந்தது. அங்கிருந்த ஆட்சிக் குழுவோடு ஓயாத பூசல். சம்பள பாக்கிக்காக 1759 அக்டோபரில் அவருடைய படையே கலகம் செய்தது. வந்தவாசித் தோல்வியில் பாதி அப்போதே நேர்ந்துவிட்டது எனலாம். 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. இந்தத் தோல்விகளுக்குப் பொறுப்பாக்கப்பட்டு, 1766இல் பாரிஸில் லாலியின் தலை வெட்டப்பட்டது. அது அநீதி என்று எழுத்தாளர் வொல்த்தேர் வாதாடினார்.