பறங்கிப்புண்ணும் நோயாளர் ஐயமும்

மருத்துவன் புண்ணைக் கீறித் தீயிட்டாலும் நோயாளன் அவன்பால் வைத்த அன்பு குறைவதில்லை என்பதைப் பெருமாள் திருமொழியில் குலசேகராழ்வார் உவமையாக ஆள்கின்றார். உவமை உலகறிந்த செய்தியைப் பற்றி எழுவது. ஆதலின் அத்தகைய நம்பிக்கை அக்கால வழக்கில் இருந்தது எனக் கொள்ளலாம். ஆயின் எல்லா நோய்க்கும் அது பொருந்துமா? ஆறியபின் மீண்டும் தோன்றும் நோயில், அதுவும் பிறரிடம் கூற நாணும் உறுப்பில் தோன்றும் நோயில், மருந்தை ஐயுறுதல் இயல்பேயாம். அவ்வையம் பொருளுடையதா என்பதைப் பறங்கிப்புண்ணின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நோயின் பெயரே அதன் வரவைக் காட்டும். ஐரோப்பியரைக் குறிக்கும் 'பறங்கி' என்னும் சொல் பாரசீக வழியாக வந்தது. போர்த்துகீசியர் 1498-இல் கள்ளிக்கோட்டையில் இறங்கிய பின்னரே இந்நோய் இந்திய மருத்துவ நூல்களில் தெளிவாக இடம்பெறுகின்றது. பதினாறாம் நூற்றாண்டினரான பாவமிசிரர் தம் பாவப்பிரகாசம் என்னும் வடமொழி நூலில் இதனைப் பிரங்க நோய் என்றே வழங்கி, இரசக் கற்பூரத்தையும் பறங்கிப்பட்டையையும் மருந்தாக விதிக்கின்றார். இரசக் கற்பூரத்தைக் கோதுமை மாவிற் பொதிந்து, பல்லிற் படாமல் விழுங்குக என்பது அவர் கூறும் முறை. மருந்தின் கொடுமையை அவர் அறிந்தேயிருந்தார் என்பது இதனாற் புலனாம். ஐரோப்பிய மருத்துவரோ, இரசத்தால் வாய் வெந்து எச்சில் பெருகுவதையே நோய் வெளியேறுவதற்கு அடையாளமாகக் கொண்டனர். அவர் விலக்க முயன்ற துன்பம் இவர்க்கு வேண்டப்படுவதாயிற்று!

சென்னை மாகாணத்தில் 1805 முதல் படைவீடுகளை ஒட்டி 'லாக் ஆஸ்பத்திரி' என்னும் மருத்துவமனைகள் எழுந்தன. 1830-களில் மூடப்பட்டு, 1864-ஆம் ஆண்டின் படைவீட்டுச் சட்டத்தாலும் 1868-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தாலும் மீண்டும் உயிர்பெற்றன. கெலவரப்பள்ளி, ஓசூர் முதலிய எல்லையூர்களுக்கு ஓரிரு நாள் நடையில் உள்ள பெங்களூர்ப் படைவீட்டிலும் இம்முறை நிலவியது. படைவீரரின் நலங்கருதிப் பெண்களே அடைத்து வைக்கப்பட்டனர். வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் நோயுற்றவனை முதற்கண் வைத்தார். இங்கோ நோயுற்றவள் வாய்திறக்கவும் இடமில்லை. அவள் ஐயம் ஓட்டமாகவே வெளிப்பட்டது. பதிவுக்குத் தப்பிப் பெண்கள் அகல்கின்றனர் என அதிகாரிகள் அடிக்கடி முறையிட்டனர். 1876–78 பெரும்பஞ்சத்தில் சிலர் உணவின்பொருட்டுத் தாமே வந்து சேர்ந்தமையை வரலாற்றறிஞர் சாரா ஹாட்ஜஸ் எடுத்துக்காட்டியுள்ளார். ஆதலின் அவர்கள் தங்கியதைக் கொண்டு மருந்தை நம்பினர் எனல் பொருந்தாது. அச்சட்டம் 1888-இல் நீக்கப்பட்டது.

இனி, ஐயத்தின் வேருக்கு வருவோம். இந்நோயின் முதற்புண் மருந்தின்றியும் சில கிழமைகளில் மறையும். பின்னர் உடலெங்கும் தடிப்புத் தோன்றும். அதுவும் தானே அடங்கும். ஆண்டுகள் பல கழிந்தபின் சிலர்க்கு இதயத்தையோ மூளையையோ தாக்கும். எனவே மறையும்போதெல்லாம் புகழ் இரசத்தைச் சேர்ந்தது. மீளும்போது, பத்தியப் பிழை என்றோ புதுத் தொற்று என்றோ கூற மருத்துவர்க்கு இடமிருந்தது. நோயாளரிடம் அதனை மறுக்கச் சான்றில்லை. மருத்துவரிடம் நிறுவவும் சான்றில்லை என்பதே உண்மை.

மருத்துவருள்ளும் ஐயுற்றோர் இருந்தனர். இரசமின்றியே புண்கள் ஆறியதை ஆங்கிலப் படை மருத்துவர் தாமசு ரோசு 1817-இல் பதிவு செய்தார். நார்வே நாட்டுப் போயக்கு 1891 முதல் 1910 வரை ஏறத்தாழ 2,000 நோயாளர்க்கு இரசம் கொடாமல் நிறுத்தினார். அவருள் பெரும்பாலோர் பெருங்கேடின்றி வாழ்ந்தனர் எனவும், சிலர் கொடிய இறுதிநிலையை எய்தினர் எனவும் பிற்கால ஆய்வுகள் காட்டின. இரசத்தை ஐயுற்றது தக்கதே. மருந்தே வேண்டா என்பது பொருந்தாது என யாம் இதனாற் கொள்கின்றோம்.

நோய்க் கிருமி 1905-இலும், குருதிச் சோதனை 1906-இலும் கண்டறியப்பட்டன. 1910-இல் சால்வர்சான் வந்தது. 1943-இல் மகோனி என்பார் பெனிசிலினால் இந்நோய் தீர்தலைக் காட்டினார். இன்று தொடக்க நிலையினர்க்குப் பெரும்பாலும் ஓர் ஊசியே போதும். மருந்து பயன்பட்டதா என்பதை, ஆறு திங்களிலும் ஓராண்டிலும் மீளச் செய்யும் குருதிச் சோதனையின் அளவு குறைவதைக் கொண்டு மருத்துவரும் நோயாளரும் ஒருங்கே காண்கின்றனர்.