வெள்ளை மண்

அண்ணாமலையார் கோயிலில் விபூதி வாங்கியவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு நெடுநாளைய பழக்கம். பக்தி காரணமில்லை. இட்டுக்கொண்டது போக மிஞ்சியதைச் சிலர் தாளில் மடிக்கிறார்கள். சிலர் தூண் இடுக்கில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். வெளிதேசத்திலிருந்து வந்தவர் சிலர் உள்ளங்கையை நீட்டியபடியே, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள். அப்படி நின்ற ஒருவரைப் பார்த்தபோதுதான் வாஸ்கோ ட காமா நினைவுக்கு வந்தார்.

பள்ளிக்கூடத்தில் அவரை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்: இந்தியாவுக்குக் கடல்மார்க்கம் கண்டுபிடித்தவர். 1497 ஜூலை 8இல் லிஸ்பனை விட்டுக் கிளம்பி 1498 மே 20இல் கள்ளிக்கோட்டை அருகே நங்கூரமிட்டார் என்பது சரி. ஆனால் ஆப்பிரிக்காவின் கீழைக் கரையில் மெலிந்தியிலிருந்து அவரை இக்கரை சேர்த்தது, இந்தக் கடலை ஏற்கெனவே அறிந்திருந்த ஒரு மாலுமி. கரையில் முதலில் இறக்கிவிடப்பட்ட ஆளை எதிர்கொண்டவர்கள் டூனிஸ்காரர் இருவர். அவர்களுக்கு ஸ்பானிய பாஷை தெரிந்திருந்தது. கண்டுபிடிக்க வந்தவரை வரவேற்றது அவருடைய பக்கத்து வீட்டு பாஷை.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. ஸாமூதிரியைப் பார்க்கப் போகும் வழியில் காமாவையும் கூட்டத்தாரையும் ஒரு கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள். உள்ளே இருந்த விக்கிரகத்தை அவர்கள் மாதா என்று எடுத்துக்கொண்டு மண்டியிட்டுத் தொழுகிறார்கள். சுவர்ச் சித்திரங்களில் பல் துருத்தியும் நாலைந்து கைகளோடும் இருந்தவர்கள் புனிதர்களாகிவிடுகிறார்கள். பக்கத்தில் மண்டியிட்டிருந்த ஜோவான் தெ ஸா என்பவருக்கு மட்டும் சந்தேகம். இது பிசாசாக இருந்தால், நான் கும்பிடுவது மெய்யான தேவனையே என்கிறார். காமா சிரித்துக்கொள்கிறார். அர்ச்சகர்கள் தீர்த்தம் தெளித்து, நெற்றியில் இட்டுக்கொள்ள ஒரு வெள்ளை மண்ணைத் தருகிறார்கள். காமா வாங்கி, பிறகு இட்டுக்கொள்வதாக ஜாடை காட்டி, கூட வந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறார்.

அந்த ‘பிறகு’ வரவேயில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கிழக்கே கிறிஸ்தவ ராஜாக்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையோடு வந்தவர்கள் அவர்கள். கோயிலைப் பார்க்குமுன்பே அதற்கான பெயர் கப்பலில் ஏறிவிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் இந்தக் கரையில் இருந்தும் அது கலையவில்லை. 1499இல் போர்ச்சுகல் அரசர் மானுவேல் ஸ்பெயின் அரசருக்கும் அரசிக்கும் எழுதிய கடிதத்தில், இங்குள்ளவர்கள் கிறிஸ்தவர்கள்தாம், விசுவாசம் இன்னும் உறுதிப்படவில்லை என்கிற ரீதியில் சொல்கிறார். தவறு தங்கள் பார்வையில் இருக்கலாம் என்று தோன்றவில்லை. பார்க்கப்பட்டவர்களிடம் குறை கண்டார்கள்.

இதைப் படித்துச் சிரிப்பது சுலபம். ஆனால் 1502இல் இரண்டாம் முறை வந்தபோது, மெக்காவிலிருந்து யாத்ரிகர்களை ஏற்றிவந்த ‘மீரி’ என்ற கப்பலை அதே காமா மறித்து, பொருளை எடுத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான ஆட்களோடு கொளுத்தினார். பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்காட்டி இரந்ததை அவருடைய படையோடு வந்த தோமே லோபஷ் எழுதிவைத்திருக்கிறார். இங்கே ஆள் மாறாட்டம் எதுவுமில்லை. இவர்களுக்கான பெயரும் ஊரிலிருந்தே தயாராக வந்திருந்தது: மூர்கள், விரோதிகள். கோயிலில் மண்டியிட்டதும் கடலில் தீ வைத்ததும் ஒரே பார்வையின் இரண்டு காரியங்கள். இரண்டு இடத்திலும் எதிரே நின்றவரை அவர் பார்க்கவில்லை.

இந்தப் பார்வை திருந்தவே இல்லையா என்றால், கொஞ்சம் திருந்தியது. எங்கள் ஊரின் 217 அடி ராஜகோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் தொடங்கியது 1516 வாக்கில். முடித்தவர் தஞ்சை செவ்வப்ப நாயக்கர். அது எழுந்துகொண்டிருந்த வருஷங்களில், 1520ஐ ஒட்டி, தொமிங்கோ பாயஸ் என்ற போர்ச்சுகீசியர் அதே ராயரின் தலைநகரில் மகாநவமி உற்சவத்தை நிதானமாகப் பார்த்து எழுதுகிறார். மாதாவும் இல்லை, புனிதர்களும் இல்லை. கண்டதைக் கண்டபடி சொல்ல ஒரு பிரயத்தனம் தெரிகிறது. என்ன நடந்தது இடையில்? 1510இல் கோவா போர்ச்சுகீசியர் கைக்குப் போயிற்று. அரபு, பாரசீகக் குதிரைகள் அதன் வழியே வந்தன. ராயருக்குக் குதிரை வேண்டும், இவர்களுக்குப் பணம் வேண்டும். பார்வையைத் திருத்தியது அன்பு அல்ல, வியாபாரம். வாங்குகிறவனை விற்கிறவன் சரியாகப் பார்த்துத்தானே ஆகவேண்டும்.

இதை எழுதும்போது எனக்கே ஒரு கூச்சம். என் இருபதுகளில் ஐரோப்பிய நாவல்களுக்குள் நான் நுழைந்தது ஏறக்குறைய காமா கோயிலுக்குள் போன மாதிரிதான். அங்கே கண்ட அவநம்பிக்கையை, தனிமையை, எனக்குத் தெரிந்த விக்கிரகம் என்று மண்டியிட்டேன். அந்த மனிதர்களுக்குப் பின்னால் இருந்த யுத்தமும் பனியும் தேவாலயமும் எனக்குப் புலப்படவில்லை. எதிர்ப்பட்ட நம்மூர் எழுத்தாளர்களையோ ‘பழமை’ என்று ஒரே பெயரிட்டு ஒதுக்கினேன். கொளுத்த என்னிடம் கப்பல் இல்லை. விமர்சனக் கட்டுரை இருந்தது.

காமா 1524இல் வைஸ்ராயாக மூன்றாம் முறை வந்து, சில மாதங்களில், டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்தார். உடல் அங்கேயே அடக்கமாகி, 1539இல் போர்ச்சுகலுக்கு எடுத்துச் செல்லப்பட்டது.

விபூதியோடு நின்ற அந்த வெளிதேசத்துக்காரர், பக்கத்தில் நின்ற பூக்காரம்மாவிடம் கையைக் காட்டி ஏதோ கேட்டார். பாஷை புரியாவிட்டாலும் அந்தம்மாள் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, மரியாதையாகத் தலையசைத்து, வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இட்டுக்கொள்ளவில்லை, ஆனால் கேட்டார். எனக்கு அது போதுமென்று பட்டது.