பேராதனையின் மாலைப் பொழுதுகள்

பல்கலைக்கழகங்களின் ஆண்டறிக்கைகளைப் படிப்பது பத்திரிகையாளனுக்கு வாய்க்கும் சுவையற்ற கடமைகளுள் ஒன்று. மாணவர் நலன் என்றொரு அத்தியாயம் அவற்றில் தவறாது இருக்கும். எத்தனை விளையாட்டுப் போட்டிகள், எத்தனை கலைவிழாக்கள், எத்தனை பேர் பங்குபற்றினர் என்ற விபரங்கள் அட்டவணைகளாகத் தரப்பட்டிருக்கும். இவற்றால் மாணவர் அடைந்த பயன் யாது என்ற கேள்விக்கு மட்டும் அட்டவணையில் இடமிராது. அக்கேள்விக்கு விடை தேடுவோர் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. பேராதனையின் கதையே போதுமானது.

1942 ஜூலை முதலாம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தோற்றம் பெற்றது. அதன் முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜில் பயின்றவர். மாணவரும் ஆசிரியரும் ஒரே சூழலில் தங்கி வாழும் வதிவிடப் பல்கலைக்கழகமே அவரது இலட்சியமாக இருந்தது. 1952 இல் கலைப்பீடம் மகாவலிக் கரையிலுள்ள பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது அந்த இலட்சியம் உருப்பெறத் தொடங்கிற்று. விரிவுரை மண்டபங்களுக்குக் கொடுக்கப்பட்ட அதே முக்கியத்துவம் விடுதிகளுக்கும் மைதானங்களுக்கும் கொடுக்கப்பட்டது. ஆங்கிலேய கனவான்களின் பிரதிகளை உருவாக்கும் ஏற்பாடு இது என்று அன்றே குறை கூறியவர்கள் உண்டு. அக்குறையில் நியாயமும் உண்டு. ஆயினும் விரிவுரைகள் முடிந்ததும் பேருந்தைப் பிடித்து வீட்டுக்கு ஓடவேண்டிய கொழும்பு மாணவனுக்குக் கிட்டாத ஒன்று பேராதனை மாணவனுக்குக் கிட்டியது. அதுதான் மாலைப் பொழுது.

துடுப்பாட்டம், உதைபந்தாட்டம், டெனிஸ் ஆகியன பற்றி எழுதுவதற்கு என்னிலும் தகுதியான விளையாட்டு நிருபர்கள் இருக்கிறார்கள். நாடகத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

பல்கலைக்கழகத்தில் நாடகம் அந்நாளில் ஒரு பாடமன்று. பரீட்சையில் அதற்குப் புள்ளியும் இல்லை. பேராசிரியர் லுடோவைக்கின் வழிகாட்டலில் மாணவர் நாடகச் சங்கம் ஆங்கில நாடகங்களை மேடையேற்றி வந்தது. தமிழ்ப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியிலேயே நாடகங்கள் எழுதினார். தமிழ்ச் சங்கத்து மாணவர்கள் அவற்றை நடித்தார்கள். இலக்கண ஆராய்ச்சியில் ஊறிய ஒரு பேராசிரியர் உடையாரையும் விதானையாரையும் அவர்தம் வாய்மொழியோடு மேடைக்குக் கொண்டுவந்தமை அன்றைய பண்டித உலகுக்கு உவப்பாக இருந்திருக்க முடியாது. அவரது நாடகங்களில் நடித்த மாணவருள் ஒருவர் கார்த்திகேசு சிவத்தம்பி. பின்னர் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகம் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவரும் அவரே. மாலை நேர ஒத்திகையில் பெற்ற அனுபவம் அந்த ஆய்வின் பின்னணியில் இருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

1956 ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பரில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேறியது. நடித்தவர்கள் பேராதனை மாணவர்கள். சிங்கள நாடகத்தின் திருப்புமுனை என இன்றும் போற்றப்படும் அந்நாடகம், தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம என்ற கிராமிய ஆட்ட மரபிலிருந்து எழுந்தது. அம்பலாங்கொடையைச் சேர்ந்த நாடகமக் கலைஞரான சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சே அதன் ஆக்கத்தில் துணைநின்றார்.

இந்த முயற்சியைக் கூர்ந்து நோக்கியவர்களுள் ஒருவர் தமிழ்த்துறை விரிவுரையாளர் சு. வித்தியானந்தன். நாட்டைப் பிளந்த மொழிச் சட்டத்தின் ஆண்டிலே, சிங்கள நாடகமொன்றைக் கண்டு ஒரு தமிழ் அறிஞர் தம் சமூகத்தின் கூத்தின்பால் திரும்பினார் என்பதை நம் வரலாற்று நூல்கள் போதிய அழுத்தத்துடன் சொல்வதில்லை. மட்டக்களப்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கூத்து உயிரோடுதான் இருந்தது. ஆனால் படித்தவர்கள் அதைப் பாமரரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். வித்தியானந்தன் அண்ணாவிமாரைப் பேராதனைக்கு அழைத்தார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கினார். 1962 இல் 'கர்ணன் போர்' மேடையேறிற்று. அடுத்து 'நொண்டி நாடகம்', அதன் பின் 'இராவணேசன்', 1968 இல் 'வாலி வதை' என அம்முயற்சி தொடர்ந்தது. விடிய விடிய ஆடப்படும் கூத்து இரண்டு மணி நேரத்துக்கும் குறைந்ததாகச் சுருக்கப்பட்டது. வட்டக்களரியில் ஆடியது ஒருபக்க மேடைக்கு ஏறியது. கூத்தின் உயிர் இதனால் குன்றியது என்று வாதிடுவோர் இன்றும் உளர். சபையோர் சூழ்ந்திருக்க ஆடுவது வேறு, இருளில் அமர்ந்திருப்போருக்கு ஆடிக்காட்டுவது வேறு என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் அந்த மேடையேற்றங்கள் இல்லாதிருந்தால் யாழ்ப்பாணத்துப் படித்த வர்க்கம் கூத்தை ஏறெடுத்துப் பார்த்திருக்குமா என்பது ஐயமே.

மாணவர் அடைந்த பயனுக்கு வருவோம். பட்டதாரியாகப் போகும் ஓர் இளைஞன், ஏட்டறிவு மிகுதியாக இல்லாத ஒரு கிராமத்துக் கலைஞரின் முன் நின்று, தாளம் பிசகியதற்காக ஏச்சு வாங்குகிறான். அங்கே ஆசான் அண்ணாவியார். பேராசிரியரும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவே வேண்டும். எந்த விரிவுரையும் இந்தப் பாடத்தைக் கற்பிக்க முடியாது. இதற்குப் பங்கேற்றோர் தொகையை மட்டும் கணக்கிட்டால் சில டசின் பேர்தான் தேறுவர். ஆண்டறிக்கைக்கு அது பெருமை சேர்க்காது.

பயனை மிகைப்படுத்தவும் கூடாது. 1960 அளவில் கலைப்பீடத்தில் தாய்மொழிக் கல்வி வந்தது. அது நியாயமான சீர்திருத்தமே. எனினும் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் தனித்தனி விரிவுரை மண்டபங்களுக்குப் பிரிந்தார்கள். மாணவர் தொகை பெருகி விடுதிகள் போதாமற் போயின. ஒரே திறந்தவெளி அரங்கில் 'சிங்கபாகு'வும் தமிழ்க் கூத்தும் ஆடப்படலாம். அதனால் மட்டும் இரு சமூகங்கள் இணைந்துவிடுவதில்லை. 1983 மே மாதத்தில், யூலைப் படுகொலைகளுக்கு இரு மாதங்கள் முன்னதாகவே, பேராதனையில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விடுதிகளை விட்டு விரட்டப்பட்டார்கள். விரட்டியவர்களுள் சக மாணவர்களும் இருந்தார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நிலைமை வேறு. 1985 இல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' அங்கு மாணவர்களால் மேடையேற்றப்பட்டது. அதைப் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்லத் துணியார். நான் கலைப்பட்டம் பயின்ற தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொன்விலை விற்றது. பொழுது சாயுமுன் ஒத்திகையை முடித்துக்கொண்டு சைக்கிளில் வீடு திரும்புவோம். அந்த இரண்டு மணி நேரத்தில் போரைப் பற்றி நாங்கள் பேசியதாக நினைவில்லை.

மாலைப் பொழுதை எவரும் நிரப்பாவிட்டால் அது வெறுமையாகக் கிடப்பதில்லை. நமது பல்கலைக்கழகங்களில் அவ்விடத்தைப் பகிடிவதை பிடித்துக்கொண்டது. மரணங்கள் நிகழ்ந்த பின்னர் 1998 இல் அதனைத் தடைசெய்யச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்தின் பின்னரும் அது ஒழிந்தபாடில்லை. புதிய மாணவனை மூத்தவன் அணுகுவதற்கு ஒரு மைதானமோ ஒரு மேடையோ வழியாக அமையாத இடங்களில் அதன் கொடுமை அதிகம் என்பது பல வளாகங்களுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றவன் என்ற வகையில் என் அவதானிப்பு. கலைவிழாவுக்கென ஒதுக்கிய பணத்தை ஒரே நாளில் ஒலிபெருக்கிக்கும் அலங்காரப் பந்தலுக்கும் செலவிட்டுவிட்டு, ஆண்டு முழுதும் பயிற்றுவிக்க ஓர் அண்ணாவியாரையோ ஒரு பயிற்றுநரையோ அமர்த்தாத நிர்வாகங்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர் மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு. மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே தம் மாணவரைக் கொண்டு 'இராவணேசனை' மீண்டும் மேடையேற்றினார். அந்தப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் ஊர் வந்தாறுமூலை. செல்லையா அண்ணாவியார் பேராதனைக்குப் புறப்பட்டுச் சென்ற அதே ஊர்.